வீட்டுக் கணினிக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கலாமா?

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைத்தால், இடம் நாலு மடங்கு கிடைக்கிறதே என்று 2 டிபி பக்கம் சாய்ந்திருப்பீர்கள். விண்டோஸை அதில்தான் போடப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், எஸ்எஸ்டியையே வாங்குங்கள்; அது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து இடம் போதாமல் போகும்போது பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் ஆமை வேகத்தில் ஓடிய எங்கள் அத்தான் வீட்டுக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ஒரு புரோகிராம்கூடத் திறக்கவில்லை, ராம் பாதிகூட நிரம்பவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நின்றது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் என்றாலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது, அதற்குமேல் டேட்டாவைப் படிக்கும் ஹெட் வேறு இங்குமங்கும் நகர வேண்டும். அதனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை செகண்டுக்கு நூறு, இருநூறு தடவைக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் வரும் சாதாரண எஸ்எஸ்டியே பல்லாயிரம் தடவை எடுக்கும். விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பதெல்லாம் இந்தச் சில்லறை வேலைதான். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து மாட்டினேன், அதே பிராசஸர், அதே ராம், பாஸ்வேர்டு அடித்த கையோடு டெஸ்க்டாப் வந்து நின்றது.

சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று யாராவது வருவார்கள். உங்கள் மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்து, அது என்விஎம்இயை ஏற்கும் என்று மேனுவலில் போட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள். சில ஸ்லாட்டுகள் சாட்டா மட்டும்தான் எடுக்கும். எஸ்எஸ்டி திடீரென்று செத்துவிடும் என்பவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க்கும்தான் சாகிறது, எதை வாங்கினாலும் இன்னொரு காப்பி வேண்டும்.

அப்புறம் அந்தப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா (டிஸ்க்கில் டேட்டாவை எழுதும் இரண்டு முறைகள்) என்று மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பாருங்கள். சிஎம்ஆரில் டிராக்குகள், அதாவது டேட்டா எழுதும் வட்டக் கோடுகள், தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். கொஞ்சம் காப்பி செய்யும்வரை ஜோராக ஓடும், நூற்றுக்கணக்கில் ஜிபி கொட்டினால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். எப்போதாவது பேக்கப் எடுக்க அது போதும், தினமும் எழுதி அழிக்க ஆகாது. பெட்டியில் இதைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். 2020-ல் பெரிய நிறுவனங்களே சில மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது, ஆகவே நான் கதை விடவில்லை.

அத்தான் இப்போது எல்லாரிடமும் விண்டோஸ் அப்டேட் போட்டதும் கணினி சரியாகிவிட்டது என்கிறார். எஸ்எஸ்டி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் மட்டும் என் நம்பர் அவருக்கு மனப்பாடம்.