வெயிலில் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு தூளில் ஹைட்ரஜன் ஏன் வரவில்லை?

வெயிலால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க, டைட்டானியம் டை ஆக்சைடு தூளைத் தண்ணீரில் கலக்கி, கண்ணாடிப் புட்டியில் மூன்று நாள் மொட்டை மாடியில் வைத்தும், வந்த குமிழிகள் தீக்குச்சிக்குப் பற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான், சூடேறியதும் வெளியேறியிருக்கும். உங்கள் கைவேலையில் குற்றமில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேஸ் வகைத் தூள் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை மட்டுமே உறிஞ்சும். வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். அதைவிடப் பெரிய தொல்லை, ஒளி பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான், தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு கண்ணிமைப்பதற்குள் மீண்டும் சேர்ந்துவிடுவது. ஒளியால் நீரைப் பிளப்பது பற்றி 1972இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்ட சோதனையில், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையிலிருந்து எலக்ட்ரான் கம்பி வழியே பிளாட்டினத்துக்குத் தப்பிப் போனது. உங்கள் புட்டியில் அதற்குப் போக்கிடமே இல்லை. கரைந்துள்ள ஆக்சிஜனும் அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். பிளாட்டினம் படிந்த தூள், சிறிது மெத்தனால், புற ஊதா விளக்கு போதும். முதலில் நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். ஆனால் மெத்தனால் சேர்த்தால், நீரிலிருந்து ஆக்சிஜன் வருவதற்குப் பதிலாக மெத்தனாலே சிதைவதால், அது முழுமையான நீர்ப்பிளப்பு ஆகாது, இதை அறிக்கையில் மறைக்காதீர்கள்.

தீக்குச்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீர் உண்மையாகவே பிளந்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில் கலந்தே வரும். புட்டி வெடித்துக் கண்ணாடி முகத்தில் தெறிக்கும். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் அளவிடுங்கள்.

அளவு குறைவாக வந்தால் மனம் தளராதீர்கள். ஜப்பானில் வேதியியலாளர் டோமெனின் குழு 2021இல் விவரித்த, வெயிலால் நீரைப் பிளக்கும் 100 சதுர மீட்டர் அமைப்பு, வெயிலின் ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றிய உச்சத் திறனே 0.76 சதவீதம்தான்.