பழைய கூப்பேயைத் தரைவேகச் சாதனைக்கு எப்படித் தயார் செய்கிறார்கள்?

கேள்வி இது: "அமெரிக்காவில் 1930களின் கூப்பே கார்களை எடுத்து நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறார்களே, அதில் அப்படி என்ன வேலை இருக்கிறது? ஒரு புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி மிதித்தால் அதைவிட வேகமாகப் போகாதா?"

கூப்பே என்றால் இரண்டு கதவுள்ள, கூரை மூடிய கார். கேள்வியின் பின்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். போகும், தாராளமாகப் போகும். ஆனால் அது வேறு கணக்கில் சேரும். யூட்டா மாநிலத்தில் வெண்டோவர் ஊரை ஒட்டியிருக்கும் பானவில் உப்பு மைதானத்தில் ஆகஸ்டில் 'ஸ்பீட் வீக்' நடக்கும். அங்கே இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான். நீங்கள் ஜெயிக்க வேண்டியது உங்கள் வகுப்பில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் வேகத்தை. உடல், எஞ்சின், எரிபொருள் மூன்றையும் சேர்த்துத்தான் வகுப்பு பிரிப்பார்கள். 1948 வரையிலான அமெரிக்க உடல்களுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பிரிவு உண்டு. 1953 வரை ஃபோர்டு கம்பெனி செய்த 'ஃபிளாட்ஹெட் வி8' என்ற பழைய எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் தனி வகுப்பு உண்டு. இந்த வருடம் வந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் எஞ்சினியர். சனி, ஞாயிறுகளில் நண்பர் ஒருவரின் பட்டறையில் எடுபிடி. அவர் ஓய்வுபெற்ற வெல்டர், என் அப்பா வயது. 1934 ஃபோர்டு கூப்பே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் சொச்சம் தொட்டால் போதும் என்கிறார். (போதும் என்று அவர் சொல்வதை அவர் மனைவி நம்புவதில்லை.) அங்கே பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

இந்த வேலைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் போய் நின்றேன். நண்பர் என் கையில் கொடுத்தது ஸ்பானர் அல்ல, விதிப்புத்தகம். ஸ்பீட் வீக்கை நடத்தும் தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் வெளியிடுவது. 1937இல் தொடங்கிய அமைப்பு அது. மோஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகளில் பையன்கள் கண்மண் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்ததை ஒழுங்குக்குக் கொண்டுவரக் கிளப்புகள் ஒன்று சேர்ந்து உண்டாக்கியது. அந்த ஏரிகளில் மியூராக் பின்னாளில் விமானப்படைத் தளமாகிவிட்டது. எல் மிராஜ் ஏரியில் இன்றும் ஓட்டுகிறார்கள். சங்கம் தொடங்குவதற்கு முன்பே பானவில்லில் பெரிய மனிதர்கள் வந்து போயிருந்தார்கள். பிரிட்டிஷ் ஓட்டுநர் மால்கம் கேம்பெல் 1935 செப்டம்பரில் மணிக்கு 300 மைலைத் தாண்டியது அங்கேதான். ஆனால் சொந்தப் பட்டறையில் கார் கட்டுகிறவர்களுக்கு அந்த மைதானம் திறந்தது 1949 ஆகஸ்டில்தான்.

அந்தப் புத்தகம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லும். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் புத்திசாலிகள் புகுவார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் பியர்சன் சகோதரர்களின் கூப்பே. பாப், டிக் என்ற அந்த இருவரும் ஓட்டியதும் 1934 ஃபோர்டுதான், சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியது. அன்றைய விதிப்படி முன்கண்ணாடியின் உயரம் 7 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு சாய்க்கலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கண்ணாடியை நன்றாகப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்கள். டேப் வைத்து அளந்தால் 7 அங்குலம் வரும், காற்றுக்கு எதிரே நிமிர்ந்து நிற்பது அதைவிடக் குறைவு. அந்தக் காரின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஓட்டுநர் எதன் வழியாகப் பாதையைப் பார்த்தார் என்று உங்களுக்கே சந்தேகம் வரும். கிறிஸ்மன் சகோதரர்கள் இன்னும் ஒரு படி போய், 1930 மாடல் ஏ கூப்பேயில் எஞ்சினையே ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

கண்ணாடியையும் கூரையையும் தாழ்த்துவதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 1934 கூப்பே காற்றை நினைத்துச் செய்த வண்டி அல்ல. தொப்பி போட்டுக்கொண்டு உட்கார வசதியான உயரம், நிமிர்ந்த கண்ணாடி, வெளியே தனியாகத் துருத்தும் மட்கார்டுகள். காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். தோராயமாகப் போட்டுப் பார்த்தால், கூரை வெட்டிய கூப்பே ஒன்றுக்கு 150 மைலில் காற்றுக்கு மட்டும் சுமார் 170 குதிரைத்திறன் வேண்டும். 200 மைலுக்கு 400. வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்ட, எஞ்சினை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். 1934இல் இந்தக் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் சக்தி 85 குதிரைத்திறன். ஆகவே சக்தியைத் தேடுவதைவிடத் தடையைக் குறைப்பது மலிவு.

சரி, கூரையை வெட்டுவது எப்படி? எவ்வளவு வெட்டலாம் என்பது வகுப்பைப் பொறுத்தது. 'போட்டிக் கூப்பே' என்ற வகுப்பில்தான் கை தாராளம். நண்பர் 4 அங்குலம் எடுத்தார். ரம்பத்தைத் தொடுவதற்கு முன் கதவு இடைவெளிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் வைத்து வெல்டு அடித்தார். இல்லாவிட்டால் கூரையைக் கழற்றிய கணமே உடல் விரிந்துகொடுக்கும், அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. தூண்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே ஒரு கோடு, 4 அங்குலம் கீழே ஒரு கோடு. அறுத்தாயிற்று. நாலு பேர் பிடித்துக் கூரையைத் தூக்கி, நடுத்துண்டை எடுத்துவிட்டு, திரும்ப இறக்கினோம். பொருந்தவில்லை. பொருந்தாது என்று அவருக்கு முன்பே தெரியும், எனக்குத்தான் தெரியாது. தூண்கள் நேர்க்குத்தாக நிற்பவை அல்ல. மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. 4 அங்குலம் இறக்கியதும் கூரையின் விளிம்பு ஒவ்வொரு தூணிலும் விரல் அகலத்துக்கு உள்ளே போய் நிற்கிறது. பிறகு கூரையையே நெடுக்காக அறுத்து, நடுவில் தகடு சேர்த்து அகலப்படுத்தி, முன்தூண்களைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, பின் ஜன்னலைச் சுற்றி வளைவுகளைத் தட்டி எடுத்து... நம்ம ஊர் டிங்கரிங் ஆட்கள் இந்தக் கட்டத்தில் பின்னியெடுப்பார்கள். அவர் ஒரே இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து வெல்டு அடிக்கவே மாட்டார். இங்கே ஒரு பொட்டு, அந்தப் பக்கம் போய் ஒரு பொட்டு, ஆற விட்டு மறுபடி. தகடு சூட்டில் நெளிந்துவிட்டால் சுத்தியல் வைத்து வாரக்கணக்கில் அழ வேண்டும்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த ஃபிளாட்ஹெட் வி8இல் வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே நிற்கும். எரிந்த புகை பிளாக்கைக் குடைந்துகொண்டு வெளியே வரும். ஒரு பக்கத்தில் நாலு சிலிண்டர், ஆனால் புகை வெளியேற மூன்றே வாய். நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சின் சூடாவதற்கும், வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக் விரிசல் விடுவதற்கும் அதுவே காரணம். விரிசல் இல்லாத பிளாக் கிடைப்பதுதான் பாதி அதிர்ஷ்டம். கிடைத்தால் பிஸ்டனை 4 அங்குலம் ஓட வைக்கும் மெர்குரி (ஃபோர்டின் இன்னொரு பிராண்ட்) கிராங்கைப் போட்டு, சிலிண்டரை 3⅜ அங்குலத்துக்குக் கடைந்து, எஞ்சின் கொள்ளளவை 286 கன அங்குலமாக்குவது பழைய வழி. ரேடியேட்டரைப் பலர் கழற்றியே விடுகிறார்கள். சில நிமிட ஓட்டத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். முன்கிரில்லை அடைத்துவிடலாம், காற்றும் உள்ளே புகுந்து முரண்டு பிடிக்காது.

இன்னொரு சங்கடம் உயரம். பானவில் கடல்மட்டத்துக்கு 4,200 அடி மேலே இருக்கிறது. ஆகஸ்டு வெயிலும் சேர்ந்தால் காற்று கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். தடை அந்த அளவுக்குக் குறையும் என்று சந்தோஷப்படுவதற்குள் எஞ்சினின் மூச்சும் அதே அளவு குறைந்திருக்கும். வீட்டில் செட் பண்ணிய கார்புரேட்டர் ஜெட்டை (எரிபொருள் வரும் துளை) அங்கே போய் மாற்றத்தான் வேண்டும்.

கியர் கணக்கை நான்தான் போட்டேன். 28 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 720 சுற்று சுற்றும். 150 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 1,800 சுற்று. பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களின் விகிதம் 3 என்றால், டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் மூன்று சுற்ற வேண்டும், ஆக எஞ்சின் 5,400. காகிதத்தில் அழகாக இருந்தது. நண்பர் பார்த்துவிட்டு, "உப்பு எங்கே?" என்றார். உப்புத் தரையில் டயர் வழுக்கும். 10 சதவீதம் வழுக்கினால் அதே 150 மைலுக்குச் சக்கரம் 2,000 சுற்று சுற்ற வேண்டும், எஞ்சின் 6,000. ஃபிளாட்ஹெட்டுக்கு அது கழுத்தை நெரிக்கும் எண். இதனால்தான் பின் ஆக்ஸில் விகிதத்தை அங்கேயே சட்டென்று மாற்றக்கூடிய 'குயிக் சேஞ்ச்' அமைப்பைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். உச்ச வேகத்துக்காக வைத்த இந்த விகிதத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வண்டி திக்கித் திணறும். அதனால் பின்னால் ஒரு பிக்கப் லாரியை வைத்துத் தள்ளிக் கிளப்பிவிடுவார்கள்.

எடை விஷயத்தில்தான் எனக்குப் படித்ததெல்லாம் தலைகீழானது. பந்தயக் கார் என்றால் இலேசாக இருக்க வேண்டும் என்பது வளைவுகளில் ஓடும் பந்தயத்துக்குப் பொருந்தும். இங்கே வேகம் எடுக்க மைல் கணக்கில் இடம் இருக்கிறது. சக்கரம் தரையைப் பிடிப்பதுதான் பஞ்சம். வளைந்த கூரை மேல் காற்று ஓடும்போது பின்பக்கத்தை மேலே இழுக்கும். ஆகவே ஈயக் கட்டியும் இரும்புத் தகடும் வைத்து வண்டியைக் கனமாக்குகிறார்கள். எங்கே வைப்பது என்பதில் விளையாடக் கூடாது. காற்று தள்ளும் மையம் எடையின் மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், அம்புக்கு முனையில் கனமும் வாலில் இறகும் இருப்பதைப் போல. மாறினால் வண்டி ஒரு சின்னக் குறுக்குக் காற்றுக்கே திரும்பி, பின்பக்கமாகப் போகத் தொடங்கும். கூப்பே உடல்கள் அப்படிச் சுழல்வது அங்கே புதிதல்ல. உயிர்ச்சேதம் பெரும்பாலும் இல்லாமல் போவதற்கு உள்ளே ஓட்டுநரைச் சுற்றி இருக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்க் கூடுதான் காரணம்.

பாதுகாப்புப் பரிசோதனையை மட்டும் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ரோல் கேஜ் குழாயின் தடிமன், தீயணைக்கும் அமைப்பு, எரிபொருளையும் மின்சாரத்தையும் ஒரே இழுப்பில் நிறுத்தும் வசதி, வேகமான கார்களுக்குப் பாராசூட் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓட்டுநர் தீ உடை, ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, தானாக எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடிகிறது என்று காட்ட வேண்டும். 4 அங்குலம் குறைந்த ஜன்னல் வழியாக அறுபத்துச் சொச்சம் வயதுக்காரர் வெளியே வருவதைப் பார்த்தால் கூரை வெட்டியது தேவைதானா என்று தோன்றும். புதியவர் முதல் நாளே முழு வேகத்தில் போகவும் முடியாது. படிப்படியாக ஓட்டிக் காட்டித்தான் அடுத்த வேகத்துக்கான லைசென்ஸ்.

சாதனை பதிவாகும் முறையும் கொஞ்சம் விசித்திரம். பழைய வேகத்தை ஒரு முறை தாண்டினால் அது தகுதி மட்டுமே. வண்டி உடனே காவல் வளாகத்துக்குப் போய்விடும், குறிப்பிட்ட நேரம் வரைதான் அதில் கை வைக்கலாம். மறுநாள் காலையில் இன்னொரு ஓட்டம். இரண்டின் சராசரி பழையதைத் தாண்ட வேண்டும். உலக அளவிலான சாதனை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்ப ஓட வேண்டும். ஸ்பீட் வீக்கில் இரண்டும் ஒரே திசைதான். இதனால் கை வைக்க விடும் அந்த நேரத்துக்குள் அவசர அவசரமாக வண்டியைப் பழுதுபார்ப்பது அங்கே சகஜம்.

இவ்வளவும் செய்துவிட்டு, மழை வரக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2014, 2015 இரண்டு வருடமும் ஸ்பீட் வீக் ரத்து, 2022இல் மறுபடியும். தண்ணீர் நின்றாலோ உப்புப் படலம் போதாமல் கீழே இருக்கும் சேறு தெரிந்தாலோ ஓட்ட முடியாது. படலம் பல பத்தாண்டுகளாக மெலிந்து வருகிறது என்பது பழைய ஆட்களின் பெரிய கவலை.

கார் கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். டிக்கெட் வாங்கிய யாரும் கார்கள் நிற்கும் பகுதிக்குள் நடந்து போகலாம். கேட்டால் பானெட்டைத் திறந்து காட்டி, நீங்கள் போதும் என்று சொன்ன பிறகும் அரை மணி நேரம் விளக்குவார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நிறையத் தண்ணீர் கட்டாயம். வெயில் உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும், தாடைக்குக் கீழும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள். வாடகைக் காரில் போனால் திரும்பும் வழியில் வெண்டோவரிலேயே நிறுத்தி, அடிப்பகுதியையும் மட்கார்டின் உட்புறத்தையும் நன்றாகக் கழுவிவிடுங்கள். ஈர உப்பு சிமெண்ட் மாதிரி காய்ந்து ஒட்டிவிட்டால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்ட வேண்டிய தொகை டிக்கெட்டைவிட அதிகமாகிவிடும்.