பெட்டியை இறுக மூடியும் ஐஸ் ஏன் கரைகிறது?

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்குப் பத்து கிலோ மீன் எடுத்து, ஐந்து கிலோ ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் பண்ருட்டிக்குக் கொண்டுபோய் விற்கிறேன். பத்து மணிக்கெல்லாம் ஐஸ் தண்ணீராகிவிடுகிறது. ‘தனித்த அமைப்புக்குள் வெப்பம் போகாது, வராது’ என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள். மூடியை டேப் போட்டு ஒட்டித்தானே வைக்கிறேன்?

பதில்: மகள் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் பெட்டி தனித்த அமைப்பு இல்லை. டேப் ஒட்டினால் பொருள் போய் வருவது நிற்கும், வெப்பம் நிற்காது. அது மூடிய அமைப்பு. நல்ல பிளாஸ்க் வேண்டுமானால் தனித்த அமைப்புக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்பமே கசியாத பெட்டி கிடைத்தாலும் உங்கள் ஐஸில் பாதிக்கு மேல் கரையும். தனித்த அமைப்பில் மாறாமல் இருப்பது மொத்த ஆற்றல்தான். உள்ளுக்குள் மீன் வெப்பத்தைக் கொடுக்கும், ஐஸ் வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 1,080 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 334 கிலோஜூல் இழுத்துக்கொள்ளும். ஆக, மீன் குளிர்வதற்கே 3.2 கிலோ ஐஸ் போய்விட்டது!

மிச்சம் 1.8 கிலோ. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும், எல்லாப் பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பெட்டி என்றால், நம் ஊர் வெயிலில் மணிக்கு அரை கிலோ ஐஸைச் சுவர் வழி வரும் வெப்பமே கரைத்துவிடும். பத்து மணிக்குக் கணக்கு தீர்ந்துவிடுகிறது, பாருங்கள்.

அதனால் மீனுக்குச் சரிசமமாகப் பத்து கிலோ ஐஸ் போடுங்கள். பெரிய கட்டியாக வைக்காமல் உடைத்து, மீன் ஒரு வரிசை, ஐஸ் ஒரு வரிசையாக அடுக்குங்கள். ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டி வாங்கினால் சுவர்க் கசிவு பாதியாகும். வண்டியில் பெட்டிமேல் ஈரச் சாக்கு போடுங்கள், வெயில் நேரே படக்கூடாது.

விற்கும்போது அடிக்கடி திறக்காதீர்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த நீராவி ஐஸில் பட்டுத் தண்ணீராகும்போது, ஒரு கிராம் நீராவி ஏழு கிராம் ஐஸுக்கு மேல் கரைத்துவிடும். கையோடு எடுக்க வேண்டிய மீனை மட்டும் மேல் வரிசையில் வையுங்கள்.

கரைந்த தண்ணீரும், ஐஸ் மிச்சமிருக்கும் வரை கிட்டத்தட்ட 0 டிகிரியில்தான் இருக்கும். அதனால் பயமில்லை. அடி மீன் அதில் ஊறிக் குழையாதபடி, கீழே ஓட்டைபோட்ட தட்டு ஒன்றை வைத்தால் போதும்.