ஸ்டார்ட் ஆகாத சின்ன ஏடிவி: கேள்வி பதில்

50 முதல் 125 சிசி வரை, கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள ஏடிவிகளை, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். பெயரோடு தொடங்குவது கேள்வி, அதன் கீழே என் பதில். கூடவே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: செல்ஃப் சுற்றுகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, கடைசியாக எப்போது ஓடியது. செல்ஃபை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள்; 30 விநாடி ஆறவிட்டு அடுத்த முறை. மோட்டாரைக் கருக்கிவிட்டு வந்தால் அது வேறு கேள்வியாகிவிடும்.

நாலுகால்: 110 சிசி. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது.

பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டு அழுத்தினீர்களா? இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் ரிலேவுக்கு (மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) கரண்ட் போகும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்டிலில் உள்ள கில் சுவிட்ச், பின்பக்கம் கயிறு மாட்டும் பாதுகாப்பு சுவிட்ச், பேட்டரி பக்கத்து ஃபியூஸ், மூன்றையும் பாருங்கள்.

விளக்கு எரிவதை நம்பாதீர்கள். அது குடிக்கும் கரண்ட் கொஞ்சம்தான். மீட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் வர வேண்டும். பட்டனை அழுத்தும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கிறது, அல்லது செத்துவிட்டது. ரிலே 'டக்' என்கிறது, மோட்டார் அசையவில்லை என்றால் முதலில் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டுங்கள். மோட்டார் விர்ரென்று சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டர் கிளட்ச்.

மண்சாலை: ஆறு மாதம் நிறுத்தியிருந்தேன். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) போட்டால் கிளம்புகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பிளக் புதுசு.

பிளக்குக்குக் கொடுத்த காசு வீண். பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் நுண்துளை உள்ள பித்தளைத் திருகு) அடைத்திருக்கிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருவது அதுதான். ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நின்றுபோன பெட்ரோல் ஆவியாகி, மிச்சமாகும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான்.

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் திறப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது மெயின் ஜெட். பக்கத்தில் குழிக்குள் இருப்பது பைலட். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்; பித்தளைத் தலை நொறுங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கார்ப் கிளீனர் அடித்து, காற்று ஊதி, தேவைப்பட்டால் மெல்லிய செம்புக் கம்பி ஒரே இழை விடுங்கள். ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். ஜெட் உட்காரும் துவாரத்துக்குள்ளும் அடியுங்கள்; பலர் விடும் இடம் இது. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம். பழைய பெட்ரோல் மொத்தத்தையும் கொட்டுங்கள்.

ஸ்பேனர்: பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்துப் பார்த்தேன், நல்ல நீலப் பொறி. பெட்ரோலும் வருகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இக்னிஷன் பழுது இல்லை என்பது உறுதி.

உறுதி இல்லை. வெளியே 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அழுந்தியிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். வலுவிழந்த இக்னிஷன் காயில் (பொறிக்கு உயர் வோல்ட் தருவது) வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே கையை விரித்துவிடும். 6 மி.மீ. இடைவெளி உள்ள ஸ்பார்க் டெஸ்டரில் தாண்டுகிறதா பாருங்கள். சோதிக்கும்போது பிளக் துளைக்குப் பழைய பிளக் ஒன்றைத் திருகி மூடுங்கள். மூடாவிட்டால் அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி.

புகைப்போக்கி: பொறியே வரவில்லை. சிடிஐ மாற்றலாமா?

மாற்றாதீர்கள். சிடிஐ என்பது பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி. பேட்டரி இல்லாமல் இன்ஜினிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஏசி சிடிஐ என்றால் கில் வயரை எர்த் செய்வதுதான் இன்ஜினை நிறுத்தும் வழி. அந்த வயரைச் சிடிஐயிலிருந்து கழற்றிச் சோதியுங்கள். பொறி வந்தால் குற்றம் சுவிட்சிலோ வயரிலோ. கண்டுபிடித்ததும் வயரைத் திரும்ப மாட்டுங்கள். நிறுத்த முடியாத வண்டியில் குழந்தையை ஏற்றக்கூடாது.

ஸ்பேனர்: பொறி பலமாக இருந்தாலும் குற்றம் சொல்வீர்களா? காயிலை விற்பவர்கள் சொல்லும் பேச்சு இது.

பொறி எப்போது வருகிறது என்பதும் இருக்கிறதே. மேக்னெட்டின் (இன்ஜின் தண்டோடு சுற்றும் காந்தச் சக்கரம்) நட் தளர்ந்தால் அதைத் தண்டில் பூட்டும் கீ வெட்டுப்படும். பொறி பலமாகவே வரும், தப்பான நேரத்தில். கார்புரேட்டர் வழியே வெடிக்கும், கிக்கர் திருப்பி அடிக்கும்.

கரட்டுமேடு: ஸ்பேனர் சொல்வதுதான் சரி. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்ப்ரே வேண்டாம். ஈத்தர் கட்டுப்பாடில்லாமல் வெடித்து பிஸ்டனைப் பதம் பார்க்கும். 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். பிளக் துளையில் 1 மி.லி. பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி அடித்துப் பாருங்கள். ஓரிரு விநாடி ஓடி நின்றால் எரிபொருள் வரவில்லை. அசைவே இல்லையென்றால் குற்றம் பொறி, டைமிங் (பொறி வரும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இவற்றில் ஒன்று.

வால்காற்று: நாலு மாதம் நிறுத்தினேன், சோக் எடுத்தால் நிற்கிறது.

மண்சாலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குட்டியானை: பத்து நிமிடம் ஓடி நிற்கிறது. அரைமணி கழித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் துளை அடைப்பு. இல்லையென்றால் சூட்டில் காயில் அல்லது பிக்கப் (பொறிக்கு நேரம் சொல்லும் சென்சார்) விட்டுப்போகிறது. சூடாக இருக்கும்போதே பொறி பாருங்கள்.

தூசிப்படை: ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி...

முதல் வரியைப் பார்க்கவும்.

சேறு: ஒரு வருஷம் நின்ற வண்டி, சோக் போட்டால்...

பைலட் ஜெட்.

ஸ்பேனர்: டெஸ்டரில் 6 மி.மீ. தாண்டியது. மேக்னெட் கழற்றினேன், கீ நன்றாக இருக்கிறது. 1 மி.லி. விட்டும் அசைவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வண்டியில் பொறி சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இப்போதுதான் அது உறுதி. அடுத்து கம்ப்ரஷன். பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்துவைத்துச் சுற்றுங்கள்.

ஸ்பேனர்: 60 பிஎஸ்ஐ.

அதில் ஸ்டார்ட் ஆகாது. 120க்கு மேல் இருக்க வேண்டும். டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ளதைப் பாருங்கள். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே போகப்போக இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுசாக மூடாது. சத்தம் வராததால் யாரும் கவனிப்பதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். மேக்னெட்டில் பிஸ்டன் உச்சியைக் காட்டும் T குறியைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால் அது கம்ப்ரஷன் மேடு. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. ஹோண்டா கப் (Cub) மாதிரி படுக்கை இன்ஜின்களில் இரண்டுக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்துபாருங்கள், இறுக்கும்போது மாறும். அதன்பிறகும் 60 என்றால் பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு அளவெடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எது என்று எழுதுங்கள்.