மூன்று கொட்டேஷன், ஒரு மொட்டை மாடி

கேள்வி: சொந்த வீடு, மேலே காலி மொட்டை மாடி. இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் ஓடுகிறது. சோலார் போடலாம் என்று மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூன்றுமே 3 கிலோவாட். முதலாமவர் போனிலேயே 1.65 லட்சம் என்று சொல்லிவிட்டார். இரண்டாமவர் நேரில் வந்து பார்த்துவிட்டு 2.05 லட்சம் எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் 5 யூனிட் லித்தியம் பேட்டரியோடு 3.90 லட்சம் கேட்கிறார். கரண்ட் போனாலும் ஏசி ஓடும், பேட்டரிக்கும் சேர்த்து மானியம் உண்டு, தினமும் 18 யூனிட் கிடைக்கும் என்கிறார். எங்களிடம் ஏற்கெனவே 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு யுபிஎஸ் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது? - ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை.

பதில்: பேட்டரி வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம் அம்மா. மூன்று விலையையும் ஒரே தராசில் வைக்க முடியாமல் குழப்புவது அதுதான்.

நெட் மீட்டர் வைத்த ஆன்-கிரிட் சோலாரில், பகலில் மிஞ்சும் மின்சாரம் இ.பி. லைனுக்குப் போய் உங்கள் கணக்கில் சேரும். இரவில் நீங்கள் எடுப்பதில் அது கழிந்துவிடும். அதாவது இ.பி. லைனே உங்களுக்குப் பேட்டரி மாதிரி. ஆகவே தனியாக வாங்கும் பேட்டரி பில்லை மேலும் குறைத்துவிடாது. கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும்தான் அது உதவும். அந்த நேரத்துக்காக 1.85 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே உண்டு. கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும், மாடியில் வெயில் கொளுத்தினாலும் சரி. லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, பேனல் தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாளில்தான் பலர் இதைக் கண்டுபிடித்து, விற்றவரைத் திட்டுகிறார்கள். இதை விற்பதற்கு முன்பே சொல்பவர் நல்லவர். உங்கள் மூவரில் யாராவது சொன்னார்களா?

உங்களிடம் இருக்கும் 150 ஏ.எச். பேட்டரியில் கணக்குக்கு 1.8 யூனிட் நிற்கும். யுபிஎஸ்ஸுக்கு வழக்கமாக வைக்கும் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் ஆயுள் குறையும், அதனால் 0.9 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேன், நான்கு எல்இடி விளக்குக்குச் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். அது போதுமென்றால் இருக்கிற யுபிஎஸ் அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சோலாரிலிருந்து வரும் ஒயர் மெயின் போர்டு பக்கம்தான் சேர வேண்டும். யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற லைனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் எலெக்ட்ரீஷியன்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு இயந்திரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி, ஏதாவது ஒன்று போய்விடும்.

மூன்றாமவர் சொல்லும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியில் நாலரை யூனிட் வரை எடுக்கலாம். ஒன்றரை டன் ஏசியை அதில் ஓட்டினால் மூன்று, நான்கு மணி நேரம். நான்கு ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் பத்து மணி நேரம். ஆக, 'ஏசி ஓடும்' என்பது பொய் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. போர் மோட்டாரை மட்டும் அந்த லைனில் கொடுத்துவிடாதீர்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுத்து, இன்வெர்ட்டரையே டிரிப் ஆக்கிவிடும்.

அவர் சொன்ன மற்ற இரண்டும் தவறு. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய்தான் மானியம். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேட்டரிக்குத் தனியாக எதுவும் இல்லை. அப்புறம் அந்த 18 யூனிட். நம் ஊரில் வருடச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்குத் தினமும் 4 யூனிட் என்பதுதான் நியாயமான கணக்கு. மூன்றுக்கு 12, இரண்டு மாதத்துக்கு 720. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம் என்பதால் உங்களுக்கு 3 கிலோவாட்டே தாராளம். 18 என்பவர் சித்திரை மாதத்து ஒரு நல்ல நாளைக்கூட மிஞ்சிச் சொல்கிறார்.

இனி முதலாமவர். மாடியைப் பார்க்காமல் விலை சொன்னவரை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன். எத்தனை பேனல் என்பதை விட, அது எங்கே உட்காரும் என்பதுதான் இதில் பெரிய வேலை. 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடியாவது வேண்டும். மதுரையில் மார்கழி நண்பகலில் 10 அடி உயரத் தண்ணீர் தொட்டியின் நிழல் வடக்கே ஆறரை அடி விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அந்தப் பேனல் தருவதில் கணிசமான பகுதி போய்விடும். பக்கத்து மனையில் வீடு எழும்பப் போகிறதா, தென்னை எந்தப் பக்கம், மாடியில் தட்டோடு பதித்திருக்கிறதா, கீழே மீட்டர் பெட்டி வரை ஒயர் எவ்வளவு தூரம் என்றெல்லாம் நேரில் வந்தவர்தான் கேட்பார். உங்கள் கடைசி ஆறு பில்லையும் காட்டச் சொன்னாரா என்பதையும் பாருங்கள்.

இரண்டாமவர் வந்து பார்த்தார், சரி. ஆனால் அவர் கொட்டேஷனிலும் ஒரு வரி கண்ணை உறுத்தும், தேடிப் பாருங்கள்: 'அல்லது அதற்கு இணையான பிராண்ட்'. பெரிய கம்பெனி பேனல் என்று எழுதிவிட்டுப் பின்னால் இதைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதை அடிக்கச் சொல்லிவிட்டு, பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் கம்பெனி, மாடல், வாட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். மானியத்துக்கு உள்நாட்டு செல்லில் செய்த டி.சி.ஆர். பேனல்தான் செல்லும், அந்தச் சொல்லும் எழுத்தில் இருக்கட்டும். லோடு இறங்கியதும் பேனலில் ஒட்டியிருக்கும் வரிசை எண்களை உங்கள் செல்போனில் படமெடுத்து, டி.சி.ஆர். சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள்.

விலை குறைக்கும் கை எப்போதும் ஸ்டாண்டிலும் எர்த்திலும்தான் வைக்கப்படும், கண்ணுக்குத் தெரியாதே. பேனல் பக்கம் (டிசி மின்சாரம்), வீட்டு லைன் பக்கம் (ஏசி மின்சாரம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாண்ட் ஹாட்-டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) செய்ததா, வெறும் வெள்ளிப் பெயின்டா, போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். தளத்தைத் துளையிட்டு ஊன்றினால் நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். பேனலைக் கழுவ ஆள் நடக்க இடம் விடச் சொல்லுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும்.

இன்னொன்று, என் அண்ணன் வீட்டில் பட்டு அறிந்தது. இன்வெர்ட்டர் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று போனில் பார்க்கும் செயலியை, போட்டவர் தன் மெயில் ஐ.டி.யிலேயே திறந்துவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் கடையை மூடிக்கொண்டு போனார். பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. ஒரு வரிசைப் பேனல் வேலை செய்யாமல் இருந்தது நான்கு மாதம் கழித்து பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. உங்கள் மெயில், உங்கள் போன் நம்பரிலேயே கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். மானிய விண்ணப்பமும் அப்படித்தான். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஓ.டி.பி.யை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

விற்பவர் திட்டத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மானியமே கிடைக்காது. பட்டியலில் இருப்பதாலேயே வேலை நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஐந்து வருடப் பராமரிப்பு அவர் பொறுப்பு என்பது திட்டத்திலேயே உண்டு. பேனலுக்கு 25 வருட வாரன்டி என்று பெரிதாகச் சொல்வார்கள். அது பேனல் கம்பெனி தருவது. மூன்றாம் வருடம் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உங்கள் வீட்டுப் படியேறப் போவது இவர் அனுப்பும் பையன்தான். அதனால் மூன்று வருடத்துக்கு முன் அவர் போட்ட இரண்டு வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் போட்டது பளபளவென்றுதான் இருக்கும், அது வேண்டாம். பழைய வீட்டு மாடியில் ஏறி போல்ட்டைப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் கூப்பிட்டால் எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள்.

என் முடிவு: இரண்டாமவரிடமே பேசுங்கள். பின்னால் பேட்டரி சேர்த்துக்கொள்ளும்படியான ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் எவ்வளவு கூடும் என்று இன்னொரு கொட்டேஷன் கேளுங்கள். அந்த மாடலை நெட் மீட்டருக்கு இ.பி. ஏற்கிறதா, எந்தெந்த பேட்டரி அதோடு பொருந்தும் என்றும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் எல்லா லித்தியம் பேட்டரியும் எல்லா இன்வெர்ட்டரோடும் பேசாது. இப்போதைக்குப் பழைய யுபிஎஸ்ஸை வைத்து ஓட்டிவிட்டு, ஒரு வருடம் கரண்ட் எப்படிப் போகிறது என்று பார்த்த பின் பேட்டரியை முடிவு செய்யலாம். பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பத்து விழுக்காட்டை நெட் மீட்டர் மாட்டி, ஓடுவதைப் பார்த்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தளத்தில் துளை போடுகிற வேலை இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடச் சொல்லுங்கள், ஒட்டுப்பூச்சு காய நல்ல வெயில் வேண்டும்.