இலங்கைக்குச் செல்லாது எண்டு எழுதின சட்டம்

வணக்கம் சேர். நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன், ஏஎல் வரலாறு படிக்கிறன். போன கிழமை நீங்கள் அடிமை முறைக்கு எதிராப் போராடின பிரிட்டிஷ் எம்.பி. வில்பர்ஃபோர்ஸைப் பற்றி எழுதினதில 1833ல பிரிட்டிஷ் ராஜ்ஜியம் முழுக்க அடிமை முறை ஒழிஞ்சுது எண்டு இருந்தது. எங்கட டியூசன் நோட்ஸில இலங்கைக்கு 1844 எண்டு கிடக்கு. அப்ப திருகோணமலையும் அவையிட கையிலதானே இருந்தது, எது சரி? மற்றது, இங்க ஆர் சேர் அடிமை, அது ஆப்பிரிக்க ஆக்களிட கதையெல்லோ? அம்மம்மா வீட்டுப் பெட்டகத்தில பழைய காணி உறுதிக் கட்டு ஒண்டு கிடக்கு, அதில ஏதும் தெரியவருமோ?

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கட நோட்ஸ்தான் சரி. நான் எழுதினது பிழை, திருத்திப்போட்டன்.

1833 ஆகஸ்ட் 28ல ராசா ஒப்புதல் குடுத்த அந்த அடிமை ஒழிப்புச் சட்டத்தை நான் தலைப்போடயே நம்பிட்டன், உங்கட கடிதம் வந்தாப்பிறகுதான் கடைசி மட்டும் இருந்து வாசிச்சன். முடியிறதுக்குக் கிட்ட 64ம் பிரிவு, ரெண்டு மூண்டு வரிதான், கிழக்கிந்தியக் கம்பனியிட நிலங்களுக்கும் இலங்கைத் தீவுக்கும் சென் ஹெலெனாவுக்கும் இந்தச் சட்டம் செல்லாது எண்டு கிடக்கு. மறந்துபோய் விட்டதில்லை பிள்ளை, பேர் சொல்லி விலக்கியிருக்கினம். 1795ல இருந்து எங்கட கோட்டையில அவையிட கொடி, 1802ல பிரான்ஸோட செய்த அமியன் ஒப்பந்தத்தில இலங்கை அவைக்கெண்டு எழுத்திலயும் வந்திட்டுது, துறைமுகம் வேணும், ஆனா சட்டம் மட்டும் இங்க வரக்கூடாது. கிழக்கு நாடுகளில இருக்கிறது அவ்வளவு கொடுமையான அடிமைத்தனம் இல்லையெண்டு அந்தக் காலத்து அதிகாரிகள் கதைச்சவை, அடிமையா இருந்தவையிட்ட ஆர் போய்க் கேட்டது?

சட்டம் செல்லுபடியான கரீபியன் தீவுகளிலயும் நடந்ததைப் பாருங்கோ. ஆறு வயசுக்கு மேற்பட்டவை 'பயிலுநர்' எண்ட பேரில 1838 மட்டும் அதே முதலாளியிட்டயே வேலை செய்யவேண்டி வந்தது. நட்டஈடு 2 கோடி பவுண், அது முழுக்க முதலாளிமாருக்கு, முதுகு முறிய வேலை செய்தவைக்கு ஒரு சதம் இல்லை. அதுக்கு வாங்கின கடனை பிரிட்டன் கட்டி முடிச்சது 2015ல, அப்ப நீங்கள் சின்னப் பிள்ளை.

வில்பர்ஃபோர்ஸ் பெரிய மனுசன்தான், ஆனா அவரோடயே கதையை முடிச்சதும் என்ர குறைதான். 1831 நத்தாருக்கு ஜமேக்காவில வேலைநிறுத்தமாத் தொடங்கி ஆயிரக்கணக்கான அடிமையள் எழும்பினவை, முன்னுக்கு நிண்ட சாமுவேல் ஷார்ப்பும் ஒரு அடிமைதான், அடுத்த வருசம் மே மாசம் அவரைத் தூக்கில போட்டாங்கள். லண்டன்ல சட்டம் அதுக்குப் பிறகுதான் வருது.

இனி உங்கட ரெண்டாவது கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல எங்கட ஆக்கள் விரும்பமாட்டினம். யாழ்ப்பாணத்துத் தமிழரிட வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707ல எழுத்தில வைக்கேக்க அதில அடிமையளுக்கெண்டே ஒரு பகுதி இருந்தது. கோவியர், நளவர், பள்ளர் எண்டு சாதியை வச்சே ஆக்களை அடிமையெண்டு கணக்கெழுதினவை, வச்சிருந்தது வெள்ளைக்காரன் மட்டுமில்லை, தமிழ்க் குடும்பங்கள், கோயிலுக்குப் போய்வந்த குடும்பங்கள். 1844ல 20ம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துதான் இங்க சட்டப்படி முடிஞ்சது. கிணத்தடியில, கோயில் வாசலில அது முடியிறதுக்கு இன்னும் எத்தினை காலம் எடுத்தது எண்டு உங்கட அம்மம்மாவுக்கே தெரிஞ்சிருக்கும், கேட்டுப்பாருங்கோ, கோவிச்சாலும் கேளுங்கோ.

அந்த உறுதிக் கட்டை வெயிலில விரிக்கவேண்டாம், ஓலையெண்டா துடைக்கவும் வேண்டாம். அம்மம்மாவிட்டச் சொல்லிப்போட்டு ஃபோன்ல படம் எடுத்து அனுப்புங்கோ. 1844க்கு முந்தினது ஏதும் இருந்தா, வளவு, பனை, கிணத்தில பங்கு எண்டு எழுதிக்கொண்டு போற இடத்தில ஆக்களிட பேரும் வருதோ எண்டு ரெண்டுபேருமா இருந்து பாப்பம்.