பாலினம் ஒரு படிப்பா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்களைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. முப்பத்தோரு வருடங்கள் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் புள்ளியியலில் இளங்கலை முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். முதுகலைக்கும் அதையே எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். போன வாரம் ‘பாலினம், பாலியல், மகளிரியல்’ என்ற துறையில் இடம் கிடைத்துவிட்டது என்று வந்து நிற்கிறாள். விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது.

நான் பெண்களுக்கு எதிரானவன் அல்ல. அவளைப் படிக்கவைத்ததே நான்தான். ஆனால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, இது படிப்பா, இயக்கமா? கோஷத்துக்குப் பட்டம் கொடுப்பார்களா? இரண்டு, இதைப் படித்தால் வீட்டையும் உறவுகளையும் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே பார்க்கும் மனம் வந்துவிடாதா? மூன்று, முடித்தபின் என்ன வேலைக்குப் போவாள்?

பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். பாதிச் சொற்கள் புரியவில்லை. புரிந்த பாதி பயமாக இருந்தது. அவள் அம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பாதிச் சொற்கள் புரியவில்லை என்பதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அந்தத் துறையிலேயே இருபது வருடம் பாடம் நடத்திய ஒரு பேராசிரியை, தனக்கும் முக்கால்வாசிதான் புரியும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மீதிக் காலில் பாதி, எழுதியவருக்கே புரிந்திருக்காது என்பது அவருடைய கணிப்பு.

முதலில் அந்த நீளமான பெயர். 1970இல் அமெரிக்காவின் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இப்படியொரு படிப்பு தொடங்கியபோது பெயர் மகளிரியல் மட்டும்தான். வரலாற்றிலும் இலக்கியத்திலும் மருத்துவத்திலும் விடுபட்டுப்போன பெண்களைத் தேடிச் சேர்ப்பதே வேலை. கொஞ்ச காலத்தில் அது போதவில்லை. ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பகுப்பு எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு அதிகாரம் கிடைக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். 1986இல் வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் எழுதிய கட்டுரை இந்தத் திருப்பத்தில் முக்கியமானது. அப்படிப் ‘பாலினம்’ வந்தது. பிறகு ‘பாலியல்’. ஒவ்வொரு சொல்லும் சண்டை போட்டுத்தான் உள்ளே வந்தது. ‘மகளிர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் பெண்களே மறுபடி காணாமல்போவார்கள் என்று பழையவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. மூன்று சொற்களையும் வரிசையாக வைத்திருக்கும் பெயர்ப்பலகை பெரும்பாலும் ஒரு சமரச ஒப்பந்தம்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘பால்’ என்ற சொல்லுக்கே தமிழில் பகுப்பு என்றுதான் பொருள். ஐம்பாலில் மூன்றாவது பலர்பால். ஆட்கள் பலராகிவிட்டால் வினைமுற்று ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு எந்த ஈற்றைக் கொடுப்பது என்ற கேள்வியைத் தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈற்றையே பெறுவார்கள் என்று தீர்ப்பும் சொல்கிறது. உங்கள் மகளின் பாடத்திட்டத்தைப் பார்த்துப் பயந்தீர்களே, அதில் உள்ள ஒரு கேள்வி இலக்கணக்காரருக்கு எப்போதோ வந்துவிட்டது.

இனி உங்கள் முதல் சந்தேகம். படிப்பா, இயக்கமா? இயக்கத்திலிருந்து பிறந்த படிப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. பிறப்பிடத்தை வைத்து ஒரு படிப்பைத் தள்ள முடியாது, என்ன கண்டுபிடித்தது என்று பார்க்கவேண்டும். தணிக்கையாளரான உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தன்பால் ஈர்ப்பு ஒரு மனநோய் என்று மருத்துவம் நெடுங்காலம் சொல்லிவந்தது. ஆதாரமும் காட்டியது. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யார்? மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், சிகிச்சைக்கு வந்தவர்கள். நோயாளிகளை மட்டும் எண்ணிவிட்டு, எண்ணப்பட்டவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். எவலின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த காரியம் எளியது. சிகிச்சையில் இல்லாத தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் முப்பது பேர். வயதும் கல்வியும் அறிவுத்திறனும் அவர்களுக்கு இணையான மற்ற ஆண்கள் முப்பது பேர். எல்லோருக்கும், மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் சோதனை உள்ளிட்ட உளவியல் சோதனைகள். யாருடைய தாள் என்பதை மறைத்து மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். இன்னார் இன்ன வகை என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் முடிவு வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். உலகச் சுகாதார நிறுவனம் 1990இல்.

இதில் கோஷம் எங்கே இருக்கிறது? மாதிரி எடுத்ததில் பிழை என்று உங்கள் மகள் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதியிருக்கக்கூடிய விடைதான் இது. ஹூக்கர் காலத்தில் இப்படி ஒரு துறையே இல்லை என்பது உண்மை. அவர் கேட்ட அந்தக் கேள்வியை ஒருவர் தற்செயலாகக் கேட்கட்டும் என்று விட்டுவிடாமல், வருடாவருடம் வகுப்பில் உட்கார்ந்து கேட்பதற்காகத்தான் துறை.

இன்னோர் உதாரணம். ஒரு தூக்க மாத்திரை, சோல்பிடெம் என்று பெயர். அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆண், பெண் இருவருக்கும் பத்து மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, அங்கே மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது 2013இல். இருபத்தொரு வருடம்.

இன்னொன்று நீதிமன்றத்தில் நடந்தது. கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாக வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புவது அங்கே விதி. 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை அங்கே வேலைக்கே எடுக்கவில்லை என்பதால் கடைசியாக வந்தவர்கள் அவர்களே. 1976இல் தீர்ப்பு: நிறுவனத்தில் பெண்கள் வேலை செய்கிறார்கள், ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் பற்றிய புகாரை வேறு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டையும் கூட்டி ஒரு தனிப் புகாராகக் கொண்டுவர முடியாது. இரண்டு பேரேட்டிலும் கணக்கு நேராகிவிட்டது. ஐந்து பேர் மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு, நாற்சந்தியில் நடக்கும் விபத்தை உவமையாக வைத்து, பல பாகுபாடுகள் ஒரே ஆள்மேல் வந்து குறுக்கிடுவதைப் பற்றி ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்தை முன்வைத்தார். இன்று இந்தத் துறையில் அதைச் சொல்லாத பாடமே கிடையாது. சொல்லிச் சொல்லித் தேய்த்தும் விட்டார்கள், அது வேறு. மூல வழக்கைப் படித்தவர் குறைவு. உங்கள் மகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள் அல்லவா, குறைகளையும் சொல்கிறேன். எளிதாகச் சொல்லக்கூடியதைக் கடினமாகச் சொல்வது இந்தத் துறையின் தீராத வியாதி. அதைவிடப் பெரிய குறை, வகுப்பில் எல்லோரும் சீக்கிரமே ஒத்துப்போய்விடுவது. பல வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்க விருந்தினனாக இப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாணவர் எழுந்து, இந்த எண்ணிக்கை எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. அறை முழுவதும் அவரை எதிரிக் கட்சி உறுப்பினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஆசிரியை நல்லவர், பதில் சொன்னார். மறுவாரம் அந்த மாணவர் கேள்வி கேட்கவில்லை. யாரும் எண்ணாததை எண்ணப் பிறந்த துறையில், எண்ணியது சரியா என்று கேட்பவருக்கு இடமில்லாமல்போனால் அதைவிட வெட்கம் இல்லை. புள்ளியியல் படித்த ஒரு பெண் அங்கே போவதை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது சந்தேகத்துக்கும் அதே வகுப்பிலிருந்து பதில் சொல்கிறேன். ஒரு நாள் வீட்டுப்பாடம். முந்தைய நாளைக் கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, என்ன செய்தோம் என்று எழுதவேண்டும். வீட்டில் இன்னொருவரிடமும் தனித்தாளில் எழுதி வாங்க வேண்டும். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். பல நாடுகளில் அரசுகளே நடத்துகின்றன. ஏனென்றால் ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் தேசியக் கணக்கு முறை வீட்டு வேலையைச் சேர்ப்பதில்லை. நியூசிலாந்தின் பொருளாதார அறிஞர் மெரிலின் வேரிங் 1988இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதி உலுக்கினார். 1993இல் கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். அப்போதும் சொந்த வீட்டுக்குச் சமைப்பதும் துவைப்பதும் குழந்தையைப் பார்ப்பதும் எல்லைக்கு வெளியேதான் நின்றன.

என் தாளில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ‘எழுதினேன்’ என்று இருந்தது. பெருமையாகத்தான் எழுதியிருந்தேன். என் மனைவியின் தாளில் அதே மூன்று மணி நேரத்துக்கு நேராகத் துணி, சமையல், தொலைபேசி என்று பலதும் இருந்தன. பக்கவாட்டில் ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை இழுத்து, அதற்கு நேராக இப்படி எழுதியிருந்தாள்: ‘சத்தம் வராமல் பார்த்துக்கொண்டது.’

அவள் அதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. கேட்டதற்குக் கணக்குக் கொடுத்தாள். நாங்கள் அன்றைக்குச் சண்டை போடவில்லை. மறுநாள் நான் கொஞ்சம் அசடு வழிந்தேன், அவ்வளவுதான். ஆனால் என் புத்தகங்களின் முன்னுரையில் நன்றி சொல்லும் பத்தியை அதன்பிறகு முன்புபோல எழுத முடியவில்லை. உங்கள் மகளும் ஒரு நாள் இப்படி ஒரு தாளோடு உங்கள் முன்னால் வந்து உட்காரலாம். கூண்டில் ஏற்றுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வருடத்தில் எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பாள், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நோய் கண்டுபிடிப்பதில்லையா?

உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவிக்கு ஒரே ஒரு வரி. ‘ஒன்றும் சொல்லவில்லை.’ கேட்டீர்களா என்று எழுதவில்லை. மகள் விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். அவருக்கும் தெரியாது என்று நீங்கள் எழுதவில்லை.

வேலை. இந்தத் துறையின் பெயரை வாசலில் எழுதிவைத்து ஆள் எடுக்கும் அலுவலகங்கள் சொற்பம். படித்தவர்கள் பொதுச் சுகாதார ஆய்வு, சட்ட உதவி, தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு, இதழியல், பெரிய நிறுவனங்களின் பணியாளர் பிரிவு என்று பல இடங்களுக்கும் பிரிந்து போகிறார்கள். கையில் வேறொரு திறமையும் இருப்பவர்கள் சீக்கிரம் போகிறார்கள். கோட்பாடு மட்டும் படித்தவர்கள் சிரமப்படுகிறார்கள். ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். ஹங்கேரி அரசு 2018இல் பாலினக் கல்வியை அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. சொன்ன காரணங்களில் ஒன்று உங்களுடையது: இதற்கு வேலைச் சந்தையில் தேவை இல்லை. அப்படி நீக்கப்பட்ட இரண்டு படிப்புகளில் ஒன்று, முந்தைய வருடம்தான் புடாபெஸ்ட்டின் எல்டே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இரண்டு வருடப் படிப்பு. முதல் அணி அப்போது தேர்வே எழுதி முடித்திருக்கவில்லை.

ஆகவே துறையிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வு முறையியல் கட்டாயப் பாடமா, அதில் எண்களை வைத்துச் செய்யும் ஆய்வும் உண்டா? பொருளாதாரத்திலோ பொதுச் சுகாதாரத்திலோ விருப்பப் பாடம் எடுக்கவிடுவார்களா? கடைசி ஐந்து வருடத்தில் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு பல்கலைக்கழகம் பார்க்கலாம். படிப்பை மாற்ற வேண்டியதில்லை.

போகச் சொல்லுங்கள். ‘அவளைப் படிக்கவைத்ததே நான்தான்’ என்ற வாக்கியத்தை மட்டும் அவள் முன்னால் சொல்லாதீர்கள். முதல் பருவத்துக் கட்டுரைக்குத் தலைப்பாகிவிடும். அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். அட்டவணையில் கூட்டுத்தொகை தவறியிருந்தால் வட்டம் போடுங்கள். அவளுடைய ஆசிரியர்கள் அதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.